கையச்சா, ஒயர்கட்டா, எந்தச் சூளை? செங்கல் போடும் முன் பார்க்க வேண்டியவை

செங்கல் போட இறங்குகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது சூளையைப் பற்றித்தான். எதில் எரிபொருள் குறையும், எதில் கல் ஒரே நிறமாக வரும், எதைக் கட்டினால் மழையிலும் ஓட்டலாம் என்று. நியாயமான கேள்விகள்தான், செலவும் புகையும் அங்கேதானே இருக்கின்றன. ஆனால் சூளையைப் பிரிக்கும்போது ஒதுக்கித் தள்ளுகிற கற்களில் பத்து இருபதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால் வேறு கதை தெரியும். விரிசலின் வாய் அகன்று, உள்முகம் சொரசொரவென்று இருக்கிறதா? அது களத்தில் காயும்போதே விழுந்தது. மயிரிழையாக, ஓரம் கூர்மையாக ஓடுகிறதா? அது சுட்ட பிறகு ஆறும்போது விழுந்தது. நான் பார்த்தவரை முதல் வகைதான் அதிகம். களத்தில் நடந்த தவறைச் சூளை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் மண், அப்புறம் அந்த மண்ணுக்கு ஒத்துவரும் அறுப்பு, அதற்குத் தகுந்த காய்ப்பு (அறுத்த கல்லைக் காய வைப்பது), கடைசியில் சூளை. சூளையில் ஆரம்பித்தவர்கள் அந்தச் சூளைக்கு ஏற்ற மண்ணைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

மண் எதற்கு ஒத்துக்கொள்ளும்?

வெறும் களிமண்ணில் நல்ல செங்கல் வராது. வழுவழுப்பான களி எவ்வளவு அழகாகக் குழைந்தாலும், காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் கூடிப்போனால் விரிசல் விழாது, ஆனால் கல் உதிரும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மண்தான் வேண்டும். பாடநூல்களில் சொல்லப்படும் அளவு: சிலிக்கா 50 முதல் 60 சதவீதம், அலுமினா 20 முதல் 30, இரும்பு ஆக்சைடு 5 அல்லது 6, சுண்ணாம்பு 5-க்குள். அலுமினா குழைவைத் தருகிறது, சிலிக்கா வடிவத்தைக் காப்பாற்றுகிறது, இரும்பு சிவப்பையும் கொஞ்சம் உருகலையும் தருகிறது. ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்கு முன்பே கையால் தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

நிலத்தில் நாலைந்து இடத்தில், பயிர் வேர் ஓடும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே இருந்து மண் எடுங்கள். ஒரு பிடியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பென்சில் கனத்துக்கு உருட்டி, வளையமாக வளைத்துப் பாருங்கள். வளையும் முன்பே உடைந்தால் மண் மெலிவு. வளைந்து, வெளிப்புறத்தில் லேசாக வரி மட்டும் விழுந்தால் நல்ல மண். துளி வரியும் இல்லாமல் வளைந்து, விரலை விட்டுப் பிரியாமல் ஒட்டினால் களி அதிகம். அப்புறம், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண்ணும் மீதி தண்ணீருமாக நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் நிற்கும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மூன்று படலத்தின் கனத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையை மட்டும் தயவுசெய்து தவற விடாதீர்கள். பிசைந்த மண்ணில் ஒரு பட்டை செய்து, அதன் மேல் சரியாக 100 மில்லிமீட்டருக்கு இரண்டு கோடு கீறி, நிழலில் காய வையுங்கள். காய்ந்த பிறகு கோட்டுக்குக் கோடு 92, 93 இருந்தால் சமாளிக்கலாம். 90-க்குக் கீழே போய்விட்டால் அந்த மண்ணை அப்படியே அறுக்கக் கூடாது. மணலோ, சாம்பலோ, உடைந்த செங்கல் பொடியோ கலந்து மறுபடி பட்டை போட்டுப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாவாகப் பரவியிருக்கும் சுண்ணாம்பால் பெரிய கெடுதல் இல்லை. பட்டாணி அளவில் கட்டியாக இருக்கும் சுண்ணாம்புக் கல், அதாவது சுக்கான் கல்தான் ஆபத்து. சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸுக்குள் அது சுட்ட சுண்ணாம்பாக மாறிக் கல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பார்ப்பதற்குக் கல் அருமையாக இருக்கும், தட்டினால் சத்தமும் நன்றாக வரும். பிறகு காற்றில் உள்ள ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு குடித்துப் பருக்கும்போது, மேல் தோலை ஒரு நாணய அளவுக்குப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். சுவர் எழும்பிய பிறகுகூட இது நடக்கும். மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் குமிழி குமிழியாகப் பொங்கினால் சுக்கான் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணுக்குக் கையச்சு மட்டும் போதாது. நன்றாக நசுக்கி அரைக்கும் உருளை வேண்டும், இல்லாவிட்டால் வேறு மண் வேண்டும்.

சோதனையில் மணல் தூக்கலாக, களி குறைவாக வந்தால் மனம் தளர வேண்டாம். சுடும் கல்லுக்கு மெலிவான அந்த மண், சுடாத கல்லுக்குப் பொருத்தமாக இருக்கும். 5 முதல் 10 சதவீதம் சிமென்ட் கலந்து, அழுத்தும் இயந்திரத்தில் கட்டியாக்கி, மூன்று நான்கு வாரம் ஈரம் காக்க வைத்தால் அடுப்பே இல்லாமல் கல் கிடைக்கும். மழை நேரடியாக அடிக்கும் சுவருக்குப் பூச்சோ அகலமான கூரை ஓரமோ தேவைப்படும். சுட்ட கல்லைப் போல நீரில் ஊறியபடியே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மெலிந்த மண்ணை வலுக்கட்டாயமாகச் சூளைக்குள் தள்ளுவதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது.

அறுப்பு: தண்ணீர்க் கணக்கு

கல் அறுக்க மூன்று வழி உண்டு. மரம் அல்லது இரும்பு அச்சில் கையால் அறைந்து அறுப்பது கையச்சு. பக்மில் என்ற பிசையும் இயந்திரத்தில் மண்ணைப் பிசைந்து வாய் வழியாகத் தள்ளி ஒயரால் வெட்டுவது ஒயர்கட். மூன்றாவது, கிட்டத்தட்ட உலர்ந்த பொடியை அச்சில் போட்டு அழுத்துவது. வேகம், ஆள் எண்ணிக்கை, தோற்றம் என்று ஒப்பிட எத்தனையோ இருக்கின்றன. நான் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பேன்.

கையச்சுக்கு மண் கூழாக, 20 முதல் 30 சதவீதம் தண்ணீரோடு இருக்க வேண்டும். ஒயர்கட்டுக்கு 20-க்குக் கீழே போதும். அழுத்தும் முறையில் 10-க்குள். காய்ந்த பிறகு 3 கிலோ நிற்கும் ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். கையச்சில் அது கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு களத்துக்கு வருகிறது. ஒயர்கட்டில் அரை லிட்டர், அழுத்திய கல்லில் கால் லிட்டர். ஆயிரம் கல் அறுத்தால் கையச்சுக் களத்திலிருந்து 750 லிட்டர் தண்ணீர் காற்றோடு போக வேண்டும். இத்தனையும் போகிற வரை கல் சுருங்கும், வளையும், வெடிக்கும், மழைக்குக் கரையும்.

அதற்காகக் கையச்சு மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் அதிகம் இருப்பதால்தான் அது பலவகை மண்ணையும் பொறுத்துக்கொள்கிறது. சின்னக் கல், வேர்த்துண்டு இருந்தால் அறுக்கிறவர் கையிலேயே தட்டுப்பட்டு வெளியே போய்விடும். ஒரு நல்ல ஆள் அறுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: அச்சில் மணல் தூவுவார், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக மண்ணை உருண்டையாகத் திரட்டுவார், தலைக்கு மேலே தூக்கி ஒரே அறையில் அச்சுக்குள் இறக்குவார். அந்த ஒரே அறையில்தான் நாலு மூலையும் நிரம்புகின்றன. இரண்டு தவணையாகப் போட்டு அமுக்கினால் நடுவில் மடிப்பு விழும். சுட்ட பிறகு கல் அந்த மடிப்பில்தான் பிளக்கும். மண்ணை முந்தின நாளே ஊறப்போட்டு, மிதித்துப் புரட்டி, ஒரு இரவு மூடி வைத்த மண் அந்த அறையை வாங்கிக்கொள்ளும். அவசரத்துக்குக் குழைத்த மண் வாங்காது.

ஒயர்கட்டில் ஓரம் கூர்மையாக, அளவு சீராக வரும். ஓட்டை வைத்த கல் வேண்டுமானால் இந்த வழிதான். எடை குறையும், உள்ளேயும் காற்று போகும், சீக்கிரம் காயும், சீராக வேகும். காற்றை உறிஞ்சி எடுக்கும் அறை வைத்த இயந்திரமாக இருந்தால் மண் இன்னும் இறுகி வரும். ஆனால் இயந்திரத்துக்குப் பிடிவாதம் அதிகம். தினமும் ஒரே பதத்தில் மண் கொடுக்க வேண்டும். களி குறைந்தால் வாயிலிருந்து வரும் பட்டையின் ஓரம் நாய்ப்பல் மாதிரி கிழியும். கூடினால் திருகு சுற்றிய தடம் கல்லுக்குள் அடுக்கடுக்காக நின்று, சுட்ட பின் வெங்காயம் போல உரியும். மண் குவியலை வெட்டும்போதே மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வெட்டி எல்லாப் படலத்தையும் கலந்துவிடும் பழக்கம் இல்லாத இடத்தில் ஒயர்கட் வைக்காதீர்கள்.

அழுத்தும் முறை களி குறைந்த, கடினமான மண்ணுக்கு. முகம் வழவழவென்று வரும். கனத்த இயந்திரம் வேண்டும், மண்ணை உலர்த்திப் பொடிக்கவும் வேண்டும். சிறு அளவில் செய்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

காய்ப்புதான் பாதி வேலை

முக்கால் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 1.7 மெகாஜூல் வெப்பம் தேவை. நெருப்பு அணையாமல் தொடர்ந்து எரியும் தொடர் சூளை ஒன்றை நன்றாக நடத்தினால் அதே கல்லைச் சுட மூன்றரை மெகாஜூலுக்குள்தான் ஆகிறது. அதாவது சூளை செய்யும் வேலையில் பாதி அளவுக்கு வெயிலும் காற்றும் களத்தில் இலவசமாகச் செய்துகொடுக்கின்றன. இதைப் புரிந்துகொண்டவர் களத்துக்கும் கொட்டகைக்கும் செலவு செய்யத் தயங்க மாட்டார்.

வேகமாகக் காய வைப்பது நல்ல காய்ப்பு இல்லை. முதல் இரண்டு மூன்று நாளில் மண் துகள்களுக்கு இடையே இருக்கும் தண்ணீர் போகிறது, துகள்கள் நெருங்குகின்றன, கல் சுருங்குகிறது. மொத்தச் சுருக்கமும் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அப்போது ஒரு பக்கம் காற்றடித்து இன்னொரு பக்கம் தரையில் ஈரமாக இருந்தால், மேல் பக்கம் இழுக்க, அடிப் பக்கம் நகர மறுக்க, கல் நடுவில் வாய் திறக்கும். சுடாத பச்சைக்கல்லின் நிறம் அடர்ந்த பழுப்பிலிருந்து வெளிறத் தொடங்குவதை ஓரத்தில் முதலில் காணலாம். முழுக் கல்லும் வெளிறி, நகம் பதியாத பதத்துக்கு வந்த பிறகு பயம் குறைவு. அதன்பின் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒன்றுக்கொன்று விரலிடை விட்டு அடுக்கி, எவ்வளவு காற்று வேண்டுமானாலும் விடலாம்.

என் முதல் அறுப்பை நானே இப்படித்தான் கெடுத்தேன். வறண்ட காற்று நாள். சீக்கிரம் காயட்டும் என்று திறந்த களத்தில் பரப்பிவிட்டேன். மாலைக்குள் கிட்டத்தட்ட ஒவ்வொரு கல்லிலும் குறுக்கே ஒரு கோடு. அடுத்த அறுப்பில் மண்ணையோ ஆளையோ மாற்றவில்லை. காற்று வரும் பக்கம் ஓலைத்தட்டி கட்டி, முதல் இரண்டு நாள் சாக்கு போட்டு மூடினேன். விரிசல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்துவிட்டது.

அரைகுறையாகக் காய்ந்த கல்லைச் சூளையில் ஏற்றுவது இன்னொரு பெரிய தவறு. முன் வரிசைக் கல்லிலிருந்து கிளம்பும் ஆவி, தள்ளிக் குளிர்ந்திருக்கும் கல்லின் மேல் வியர்வையாகப் படிந்து அதை இளக்கிவிடும். அடுக்கு அமுங்கிச் சரியும். உடைத்துப் பார்த்தால் நடுவில் கருத்த ஈரத் தடம் இல்லாத கல்தான் சூளைக்கு.

சூளைகள்

உள்ளே நடப்பது எல்லாச் சூளையிலும் ஒன்றுதான். 200 டிகிரிக்குள் மீந்த ஈரம் போகும். 450 முதல் 650 வரை களியோடு வேதிப் பிணைப்பில் இருக்கும் நீர் வெளியேறும். இதற்குப் பிறகு தண்ணீரில் போட்டாலும் அது மறுபடி சேறாகாது. 573 டிகிரியில் மணலின் குவார்ட்ஸ் திடீரென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். 900 முதல் 1,050 வரை கொஞ்சம் உருகல் பிறந்து துகள்களை ஒட்டும். அதைத் தாண்டினால் கல் முறுகி வளையும். சூளைகளுக்குள் உள்ள வேறுபாடு, இந்த வெப்பத்தை எல்லாக் கல்லுக்கும் சமமாகக் கொடுக்கிறதா, கொடுத்த வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கிறதா என்பதில்தான்.

காளவாய்க்குக் கட்டடம் தேவையில்லை. பச்சைக்கல்லையும் எரிபொருளையும் மாற்றி மாற்றி அடுக்கி, வெளியே மண் பூசிப் பற்றவைத்துவிடலாம். ஒரு வீட்டுக்கு, ஒரே ஒரு முறை கல் போட வேண்டும் என்றால் இதற்கு மாற்று சொல்வது கடினம். ஆனால் கல் ஆறும்போது வெளியேறும் வெப்பம் மொத்தமும் காற்றுக்குத்தான். ஒரு கிலோ கல்லுக்கு 2 முதல் 3 மெகாஜூல் போகும். வெளி வரிசை அரைவேக்காடு, நடு வரிசை முறுகல், இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் நல்ல கல். பற்றவைத்த பின் திருத்த வழியே இல்லை. அடுக்கும் ஆளின் அனுபவம்தான் எல்லாம்.

1858-இல் ஜெர்மானியரான ஃபிரெடரிக் ஹாஃப்மன் காப்புரிமை பெற்ற தொடர் சூளையில்தான் இந்த வீணடிப்புக்கு முதல் நல்ல பதில் கிடைத்தது. கல் அசையாது, நெருப்பு வளையமாகச் சுற்றி வரும். பின்னால் ஆறிக்கொண்டிருக்கும் கல் வழியே நுழையும் காற்று சூடேறி நெருப்புக்கு வருகிறது. நெருப்பைத் தாண்டிய புகை, முன்னால் காத்திருக்கும் கல்லைச் சூடாக்கிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகிறது. நிரந்தரக் கூரை உண்டு என்பதால் மழையில் நிற்காது. 1876-இல் வில்லியம் புல் கொண்டுவந்தது அதே யோசனையைக் கூரை இல்லாமல், பள்ளம் வெட்டி, சாம்பல் மூடி மலிவாகச் செய்த வடிவம். மழை வந்தால் அதை நிறுத்த வேண்டியதுதான்.

பள்ளச் சூளையில் காற்று நேர்க்கோட்டில் ஓடுகிறது. ஜிக்ஜாக் சூளையில் கல்லை அறை அறையாக அடுக்கிக் காற்றை வளைத்து வளைத்து ஓடவிடுகிறார்கள். பாதை நீள்கிறது, காற்றும் எரிபொருளும் நன்றாகக் கலக்கின்றன. ஒரு கிலோ கல்லுக்கு ஏறத்தாழ 1.1 மெகாஜூலில் வேலை முடிகிறது. காளவாயில் ஆவதில் பாதிதான். ஏற்கெனவே பள்ளச் சூளை வைத்திருப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் அடுக்கை மாற்றினால் மட்டும் போதாது, எரிபொருள் போடும் பழக்கமும் மாற வேண்டும். மேலே மூடியைத் தூக்கி மண்வெட்டி மண்வெட்டியாக வாரிக் கொட்டினால் புகைபோக்கியில் கரும்புகை எழும். அது எரியாமல் போகும் நிலக்கரி, பக்கத்தில் வாழ்பவர்கள் நெஞ்சில் இறங்கும் கரி. சிறு கரண்டியால், இடைவெளி விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மூடியைத் திறந்து பார்த்தால் மங்கிய சிவப்பு 700 டிகிரி அருகில், செர்ரிச் சிவப்பு 800 அருகில், ஆரஞ்சு 900-ஐத் தாண்டியது என்று பழகிய கண் சொல்லிவிடும். இருந்தாலும் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். கண் இரவில் ஒன்று சொல்லும், பகலில் ஒன்று சொல்லும்.

சீனாவில் உருவான செங்குத்துத் தண்டுச் சூளை இன்னும் சிக்கனம். மேலிருந்து பச்சைக்கல் இறங்கும், நடுவில் நெருப்பு, கீழே வெந்த கல்லை எடுக்கலாம். ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கல் வெளியே வந்துவிடும். இடமும் குறைவு. இந்த அவசரம்தான் அதன் குறையும்: மெதுவான சூட்டேற்றம் வேண்டுகிற களி மண் இதில் வெடிக்கும், பச்சைக்கல் உறுதியாக இல்லாவிட்டால் மேல் பாரத்தில் நொறுங்கும். மண் பரிசோதனையில் சுருக்கம் குறைவாக வந்தவர்கள் மட்டும் இதைப் பார்க்கலாம்.

சுரங்கச் சூளையில் நெருப்பு ஒரே இடத்தில் நிற்க, கல் தண்டவாள வண்டியில் நகர்கிறது. ஆறும் பகுதியின் வெப்பத்தைப் பிடித்துக் காய்ப்பு அறைக்கு அனுப்பலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. மழை, வெயில் எதையும் நம்ப வேண்டாம், புகையைக் கட்டுப்படுத்துவதும் சுலபம், வேலை செய்பவர்கள் நெருப்பின் மேல் நடக்க வேண்டியதில்லை. ஆனால் ஒயர்கட் இயந்திரமும், செயற்கைக் காய்ப்பும், தடையில்லாத மின்சாரமும், வருடம் முழுக்க ஒரே மண்ணும் இருந்தால்தான் அது தாங்கும். பாதி நாள் வெறும் வண்டி ஓடினால் எந்தச் சிக்கனமும் மிஞ்சாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே முறை சில ஆயிரம் கல் போதும் என்றால் கையச்சும் காளவாயும். எரிபொருள் கூடுதலாகப் போகும் என்று தெரிந்தே செய்யுங்கள். அதற்காகச் சூளை கட்டுவதில் அர்த்தமில்லை. பருவம் பார்த்து, ஆனால் வருடா வருடம் செய்யப்போகிறீர்கள் என்றால் கையச்சோடு ஜிக்ஜாக்கே என் முதல் தேர்வு. அதில் மிச்சமாகும் பணத்தைக் காய்ப்புக் கொட்டகையில் போடுங்கள். கொட்டகை வந்த பிறகு, மண் சீராகக் கிடைத்தால், ஒயர்கட்டுக்கு மாறலாம். கொட்டகைக்கு முன் ஒயர்கட் வாங்கினால், ஒரு நாளில் அறுத்த கல்லை வைக்க இடமில்லாமல் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டு நிற்பீர்கள். சுரங்கச் சூளை பெரிய ஆலைக்காரர்களின் முடிவு. அவர்களுக்கும் மண் இருப்பு எத்தனை வருடத்துக்கு என்பதுதான் முதல் கணக்காக இருக்க வேண்டும்.

மண் இருப்பு என்றதும் ஒன்று. ஒரு சதுர மீட்டரை ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் சுமார் 500 கல்லுக்கான மண் கிடைக்கும். ஒரு லட்சம் கல்லுக்கு 200 சதுர மீட்டர். தோண்டும் முன் ஒதுக்குகிற மேல்மண் உருவாகப் பல தலைமுறை ஆகும். அதை ஓரமாகக் குவித்து வைத்து, தோண்டி முடித்த பிறகு மறுபடி பரப்புங்கள். இதை விருப்பத்துக்கு விடக் கூடாது, தொழிலின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எதை முடிவு செய்தாலும், முன்னால் ஒரு நூறு கல்லை மட்டும் அறுத்து, மண் கலவைக்கு ஒரு குறி போட்டு, நடந்துகொண்டிருக்கும் வேறொருவர் சூளையில் அடி, நடு, மேல் என்று மூன்று இடத்தில் வைத்துச் சுட்டு வாங்குங்கள். எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் அது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. இன்னும் வேக வேண்டும், அல்லது மணல் கூடிவிட்டது. ஒன்றை உடைத்து நடுவைப் பாருங்கள். கருப்பு மையம் தெரிந்தால் உள்ளே இருந்த கரிப்பொருள் எரிய நேரம் கிடைக்கவில்லை. உலர்ந்த பின் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்குமா என்பதும் ஊறவைத்த கல் காயும்போதே தெரிந்துவிடும். கடைசியாக நீளத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். காய்ப்பும் சூடும் சேர்ந்து 8 சதவீதம் சுருங்கியிருந்தால், 190 மில்லிமீட்டர் கல்லுக்கு அச்சு சுமார் 207 இருக்க வேண்டும். தச்சரிடம் அச்சு செய்யச் சொல்வது அந்த எண் கையில் வந்த பிறகுதான்.